ஓட்டுச்சீட்டின் அடியில் ஒரு நம்பர்

எங்கள் தொழிற்சாலையில் கழிப்பறைக்குப் போவதானால்கூட நோட்டில் டோக்கன் நம்பரை எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். லீவு லெட்டரில் நம்பர், சாப்பாட்டுச் சீட்டில் நம்பர், ஒரு மணிக்கு ஒருமுறை நிரப்பும் செக் ஷீட்டில் நம்பர். காருக்குள் ஓடும் ஒயர் கொத்துகளைக் கட்டுவது எங்கள் வேலை. ஒவ்வொரு கொத்திலும் அதைக் கட்டியவளின் நம்பர் ஒட்டியிருக்கும், பக்கத்திலேயே அதைச் சரிபார்த்தவளின் நம்பரும் இருக்கும். எங்கோ வடக்கே ஒரு காரில் ஹாரன் அடிக்கவில்லை என்றால், ஒரகடத்தில் எந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். பயிற்சி வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, நம்பர் இல்லாத தாளை இங்கே யாரும் தாளாக மதிக்க மாட்டார்கள் என்பதுதான். அந்தப் பாடத்தை நாங்கள் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தோம் என்று நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமா முடித்து இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. தரம் பார்க்கும் பிரிவில் வேலை, வல்லம் வடகாலுக்கு உள்ளே ஒரு ஹாஸ்டலில் வாசம். ஹாஸ்டல் முழுக்கத் தெற்கத்திப் பெண்கள். எங்களுக்கு இருந்த தொல்லை ஒன்றே ஒன்றுதான், பஸ். கம்பெனி பஸ் உள்ரோட்டுக்கு வராது, மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். அங்கே போய்ச் சேர ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோடு அது. விளக்கு கிடையாது, மழை பெய்தால் ரோடு எது கால்வாய் எது என்றும் தெரியாது. ஒருத்தி காலை ஷிஃப்டுக்கு ஓடும்போது பள்ளத்தில் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். கம்பெனி சும்மா இருக்கவில்லை. எங்கள் எல்லோரையும் பயிற்சி அறையில் உட்கார வைத்து, சாலையில் பாதுகாப்பாக நடப்பது எப்படி என்று வகுப்பெடுத்தது. வகுப்பு முடிந்ததும் நம்பர் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

விளக்காவது போடச் சொல்லிக் கேட்போம் என்று ஊராட்சி அலுவலகத்துக்கு நாலு பேர் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க ஓட்டெல்லாம் இங்கயாம்மா கீது?"

"இல்லண்ணே, ஊர்லதான் இருக்கு."

"அப்ப அங்கதாம்மா கேக்கணும். இங்க ஓட்டு கீறவனே லைட்டு கேட்டு நடந்துகினு கீறான்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் கணக்குத் தப்பு ஒன்றுமில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, பாதி வழி நின்றுகொண்டே போய், ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு திரும்புகிறேன். என் ஓட்டு ஓர் ஊரில் இருக்கிறது, என் கால் வேறோர் ஊரில் நடக்கிறது. இதை யாரிடம் போய் முறையிடுவது?

மிச்சம் இருந்தது கம்பெனிக்குள் இருந்த தொழிலாளர் குழுதான். வரவேற்பறைச் சுவரில் அதன் உறுப்பினர் ஐந்து பேரின் படமும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எல்லோரும் எச்.ஆர். சார் பார்த்து நியமித்தவர்கள். கூட்டக் குறிப்புகளைக் கோப்பில் செருகும் வேலை என்னுடையது என்பதால் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். மாதா மாதம் ஒரே வரிதான்: குறைகள் எதுவும் இல்லை. கணுக்கால் முறிந்த மாதத்திலும் அதே வரி.

இதை நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா என்று நான் கூப்பிடுவது எங்கள் லைனில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவர்கள் குடும்பம் நெல் பயிரிட்ட இடம் இன்று பக்கத்துக் கம்பெனியின் கார் நிறுத்துமிடம். அதைச் சொல்லிப் புலம்புகிற ஆள் இல்லை அவள். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி, சூப்பர்வைசர்கள் அவள் ஒயர் கட்டும் போர்டுப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்துவார்கள். அவள் கட்டும் ஒயர் கொத்து என் மேசைக்குத்தான் வரும். நாலு வருடமாக அவள் நம்பருக்குப் பக்கத்தில் என் நம்பரை ஒட்டியிருக்கிறேன், நாலு வருடமாக அவள் டிபன் பாக்ஸிலிருந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்.

"இன்னா இது, அவங்களே ஆள வச்சிகினு, அவங்களே கேட்டுகினு, அவங்களே இல்லன்னு எழுதிக்கிறாங்க?" என்றாள். "அந்த அஞ்சு பேர நாமதான் தேர்ந்தெடுக்கணும்னு சட்டம் கீது. எங்க வூட்டுக்காரர் கம்பெனில அப்பிடித்தான். எலெக்சன் வைக்கச் சொல்லு."

அவள் சொந்த ஸ்கூட்டரில் வருகிறவள். பஸ் எங்கே நின்றால் அவளுக்கு என்ன? ஆனாலும் அவள்தான் முதலில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு முறை எழுதிக் கொடுத்தோம். ஆலோசனைப் பெட்டியில் போட்டால் பதில் வரும் என்றார்கள். வரவில்லை.

பிறகு ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. அவர்கள் கேட்கும் பட்டியலில் தொழிலாளர் குழுத் தேர்தல் ஆவணம் என்றும் ஒரு வரி இருந்ததாம். மறுநாள் காலையே தேர்தல் அறிவிப்பு ஒட்டப்பட்டது. தீயணைப்பு சிலிண்டருக்குத் தேதி மாற்றி ஒட்டுவது, உடைந்த டைல்ஸ் மாற்றுவது, தேர்தல் நடத்துவது. அந்த வாரம் முடிக்க வேண்டிய வேலைகளில் ஜனநாயகமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. எப்படி வந்தாலும் வந்ததே என்று நானும் பல்லை இளித்தேன்.

அசெம்பிளிக்கும் எங்கள் தரம் பார்க்கும் பிரிவுக்கும் சேர்த்து ஓர் இடம். அக்கா நின்றாள். எதிரே எங்கள் ஹாஸ்டலில் அடுத்த அறையில் இருக்கும் லைன் லீடர் நின்றாள். சங்கரன்கோவில்காரி, அதிர்ந்து பேசாத பெண். சீட்டு அச்சடிக்கும் வேலை என்னிடம் வந்தது. பெயரோடு சின்னமாக ஒரு படமும் இருக்கட்டும் என்றார்கள். நடந்து சாகிறவர்களின் பிரச்சினை என்பதால் செருப்பு வேண்டும் என்று அக்கா கேட்டாள். மரியாதையாக இருக்காது என்று எச்.ஆர். சார் மறுத்துவிட்டார். கடைசியில் அவளுக்குப் பேருந்து, லைன் லீடருக்குக் குடை.

ஹாஸ்டலில் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அப்படியே போனது.

"ஏளா, நம்ம ஊர்க்காரிய விட்டுட்டு வேற யாருக்குப் போடச் சொல்லுத?" என்று கேட்டாள் ஒருத்தி.

அன்று மாடியில் துணி காயப்போட்ட இடத்தில் நின்று நான் ஒரு பிரசங்கமே செய்தேன். ஊரைப் பார்த்துப் போடாதீர்கள், சாதியைப் பார்த்துப் போடாதீர்கள், யார் கேட்பாள் என்று பார்த்துப் போடுங்கள் என்றேன். மறைவாகத்தான் ஓட்டு, யாருக்குப் போட்டோம் என்பது எச்.ஆருக்கும் தெரியாது, பக்கத்துக் கட்டில்காரிக்கும் தெரியாது, அதனால் பயப்படாதீர்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே என் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது.

தேர்தல் நாளில் எச்.ஆர். சார் முதலில் பேசினார். இதே மாவட்டத்தில் இருக்கிற உத்திரமேரூரில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், அந்த மண்ணில் நாம் இருக்கிறோம் என்றார். அதைச் சொல்லிமுடிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. ஓட்டுப் போட எங்களுக்குக் கொடுத்தது டீ நேரத்தை மட்டும்தான். பயிற்சி அறையில் ஒரு ஸ்டீல் பீரோவைத் திருப்பி வைத்து மறைவு செய்திருந்தோம். அதன் பின்னால் ஒரு மேசை, நூல் கட்டிய பேனா. பழைய ஆலோசனைப் பெட்டிதான் ஓட்டுப்பெட்டி. ஒவ்வொருத்தியாக உள்ளே போய் மடித்த சீட்டோடு வெளியே வந்தார்கள். எல்லோரும் போன பிறகு கடைசியாக நான் போனேன்.

பேனாவைப் பேருந்தின் மேல்தான் முதலில் கொண்டுபோனேன். அப்போது அக்காவின் வாய் ஞாபகம் வந்தது. முதல் கூட்டத்திலேயே ஏதாவது கேட்டு எச்.ஆரை முறைக்க வைத்துவிடுவாள், பஸ் இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும். லைன் லீடர் என்றால் பக்குவமாகப் பேசுவாள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடையில் டிக் போட்டேன். அவள் எங்கள் பக்கத்துக்காரி என்பதற்கு அதில் எவ்வளவு பங்கு? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. சீட்டை மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துச் சிரித்தேன்.

எண்ணும் மேசையில் நான்கு பேர். எச்.ஆர். சார், வேட்பாளர்கள் இரண்டு பேர், சீட்டைப் பிரித்து வாசிக்க நான். முதல் சீட்டைப் பிரித்தேன். பேருந்தில் டிக். அதற்குக் கீழே, நான் காலியாக விட்டிருந்த இடத்தில், நீல மையில் ஒரு டோக்கன் நம்பர். ஏதோ ஒருத்தி ஞாபக மறதியில் எழுதிவிட்டாள் என்று இரண்டாவதைப் பிரித்தேன். அதிலும் நம்பர். மூன்றாவதில் நம்பரோடு கையெழுத்தும் இருந்தது. பெட்டியைக் கவிழ்த்து, மேலே கிடந்த பத்துப் பதினைந்தைப் பரபரவென்று பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அப்படித்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதக் கட்டம்கூட இல்லை. கையில் தாளும் பேனாவும் கொடுத்தால் அடியில் நம்பர் போட்டு முடிக்க வேண்டும் என்று எங்கள் கைக்கு அவ்வளவு பழக்கமாகியிருந்தது.

எச்.ஆர். சாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களா, நம்ம பொண்ணுங்க டிசிப்ளின்! நல்லதாப் போச்சு. நம்பரோடவே ஒரு ரெஜிஸ்டர்ல ஏத்திடுங்க. ஆடிட்ல ட்ரேஸபிலிட்டி, எது யாரோடதுன்னு கேட்டா காட்டலாம்."

அவர் சூழ்ச்சியாகச் சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார்.  அக்காதான் எழுந்தாள்.

"யாரு யாருக்குப் போட்டாங்கன்னு ரெஜிஸ்டரா? இது ஓட்டு சார். ஒயர் இல்ல."

ஏப்ரன் பாக்கெட்டிலிருந்து, ஒயர் கொத்தைக் கட்டும் கேபிள் டையை நறுக்கும் சின்ன கட்டரை எடுத்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து மேசைமேல் வைத்தாள். அடியில் கொஞ்சம் ரசம் மிச்சம் இருந்தது.

"நீ படத்த மட்டும் படி. படிச்சிட்டு என்கிட்ட குடு. நான் நம்பரப் பாக்க மாட்டேன்."

அது டாக்குமென்ட், கை வைக்கக் கூடாது என்று சார் இரண்டு முறை சொன்னார். லைன் லீடர் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன். அக்கா சீட்டை வாங்கி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடியே அடிப்பக்கத்தை நறுக்கி ரசத்தில் போட்டாள். மேல்பாகத்தைத் திரும்ப என்னிடம் தந்தாள். தனக்கு விழுந்த ஓட்டு, விழாத ஓட்டு என்று அவள் கை வித்தியாசம் பார்க்கவில்லை. பேருந்து, நறுக்கு. குடை, நறுக்கு. டீ நேரம் எப்போதோ முடிந்து லைன் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, சார் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

பாதி எண்ணியிருப்போம். ஒரு சீட்டைப் பிரித்தேன். குடையில் டிக். கீழே நம்பர். நடுவில் கோடு போட்ட ஏழு. அப்படி ஏழு எழுதுகிறவள் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான்.

எப்போது எழுதினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. மாடியில் நின்று மறைவு, ரகசியம் என்று பிரசங்கம் செய்தவள், சீட்டை அச்சடித்தவள், பழக்க தோஷத்தில் என் கையாலேயே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தேன். "குடை" என்று வாசித்தேன். சீட்டைக் கொடுக்கக் கை நீளவில்லை. தாமதமானதால் அக்கா கடிகாரத்திலிருந்து முகத்தைத் திருப்பினாள். என் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

அவள் பார்த்தாள். கட்டர் ஒரு நொடி நின்றது. பிறகு நறுக்கினாள், ரசத்தில் போட்டாள், விரல் நுனியால் அதை அமுக்கிவிட்டாள்.

"அடுத்தது படி" என்றாள்.

ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் அக்கா தோற்றாள். என் ஓட்டு மாறியிருந்தாலும் அவள் ஜெயித்திருக்க மாட்டாள் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அப்படிக் கணக்குப் போட்ட என்னை எனக்கே பிடிக்கவில்லை. மறுநாள் ஆவணத்தைச் சேதப்படுத்தியதாக அவளுக்கு ஒரு மெமோ வந்தது. என்ன எழுதினாளோ, பதில் எழுதிக் கொடுத்தாள், எச்சரிக்கையோடு விட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியம் வழக்கம்போல டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாள். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அந்தக் குழம்பை நாள்தோறும் சாப்பிட்டேன்.

ஜெயித்த லைன் லீடர் கூட்டத்துக்குப் போய் வந்தாள். நல்ல பெண்தான். "சார் பாக்கேன்னு சொல்லிருக்காங்க" என்பாள். அடுத்த மாதமும் சார் பார்ப்பதாகச் சொல்லியிருப்பார். கோப்பில் குறைகள் எதுவும் இல்லை என்ற வரி போய், பேருந்து விஷயம் பரிசீலனையில் உள்ளது என்ற வரி வந்தது. அதுதான் நாங்கள் அடைந்த முன்னேற்றம். நாங்கள் அதே இருட்டில் அதே லாரிகளுக்கு நடுவே நடந்தோம்.

ஒரு வருடம் முடிந்தது. குழுவின் காலமும் முடிந்தது. இந்த வருடம் அந்த ஆடிட் இல்லை. குழு சிறப்பாகச் செயல்படுவதால் அதே உறுப்பினர்கள் தொடர்வார்கள் என்று ஒரு தாள் ஒட்டினார்கள். நான் கொதித்துப்போய் ஹாஸ்டலுக்கு ஓடினேன். யாருக்கும் கொதிக்கவில்லை.

"இருந்துட்டுப் போறா. இன்னொரு தடவ என்னத்துக்குக்கா அந்த வம்பு?" என்றாள் கணுக்கால் முறிந்தவள். அவள் சொல்கிறாள் இதை! இப்போதும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள்.

தேர்தல் வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். கீழே நம்பர் போடக் கோடுகள் வரைந்தேன். மூன்று நாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீ நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் அலைந்தேன்.

"நம்பர் போடணுமாக்கா?"

"நம்பர் போட்டா நான்னு தெரிஞ்சிருமே."

"பெட்டில போடுற மாதிரி ஏதாவது வைங்க, போடுதேன்."

ஓட்டுச்சீட்டில் கேட்காமலே நம்பர் போட்ட அதே கைகள். நம்பர் கூடாத தாளில் எழுதித் தள்ளினார்கள், நம்பர் வேண்டிய தாளைத் தொட மறுக்கிறார்கள். இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒருத்தியின் முகத்துக்கு நேராகவே, உங்களுக்கெல்லாம் இருட்டில் நடப்பதுதான் லாயக்கு என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் அந்தத் தாளை மேசைமேல் வீசிவிட்டு அக்காவின் எதிரே உட்கார்ந்தேன்.

"ஒருத்தி போடலக்கா. ஒருத்தியாவது போடணுமே. பயந்தாங்கொள்ளிங்க."

அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"உன் நம்பர் எங்க?"

நான் அப்போதுதான் பார்த்தேன். எல்லாக் கோடும் காலி. முதல் கோடும் காலி.

"கொஞ்சம் பேர் சேரட்டும், கடைசில போடலாம்னு..." என்றேன். 

 ஓட்டு எண்ணிய அந்த நாளைப் பற்றி அக்கா ஒரு வருடத்தில் முதல்முறையாக அன்றுதான் பேசினாள்.

"அன்னிக்கு எழுதக் கூடாத எடத்துல எழுதிட்ட. நான் நறுக்கிட்டேன். இத்த யாரும் நறுக்கத் தேவல. எழுது."

 முதல் கோட்டில் என் நம்பரை எழுதினேன். ஏழுக்கு நடுவில் கோடு போட்டேன். அக்கா பேனாவை வாங்கிக் கீழே அவள் நம்பரை எழுதினாள். அந்த மெமோவுக்கு அப்புறம் இன்னொரு தாளில் நம்பர் போட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எலெக்சன் வந்தா மறுபடி நிப்பீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"நிப்பேன். எனக்குப் போடுவியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

"அதச் சொல்ல மாட்டேன்க்கா."

அக்கா டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாள். "இப்பதான் ஓட்டுப் போடக் கத்துகினு கீற" என்றாள்.